டெக்சாஸ் வளாகத்தில் கைத்துப்பாக்கி: புதிதாக வருவோர் அறிய வேண்டியவை

டெக்சாஸ் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்து இருக்கைக்காரரின் இடுப்பில் தோட்டா நிரப்பிய கைத்துப்பாக்கி இருக்கலாம். அவரிடம் உரிமம் இருந்து, ஆயுதம் பிறர் கண்ணில் படாதபடி மறைந்திருந்தால், அதில் சட்ட மீறல் ஏதும் இல்லை. 2015-இல் மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றி ஆளுநர் கிரெக் ஆபட் கையெழுத்திட்ட செனட் மசோதா 11, 2016 ஆகஸ்ட் 1 முதல் நான்காண்டுப் பல்கலைக்கழகங்களிலும், 2017 ஆகஸ்ட் 1 முதல் ஈராண்டுக் கல்லூரிகளிலும் நடைமுறைக்கு வந்தது. பேச்சு வழக்கில் இதைக் 'கேம்பஸ் கேரி' என்பார்கள். 1966 ஆகஸ்ட் 1 அன்றுதான் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின் மேலிருந்து ஒருவன் கண்ணில் பட்டவர்களையெல்லாம் சுட்டான். சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து அதே தேதியில் இந்தச் சட்டம் அமலானதை ஆஸ்டினில் கவனிக்காதவர்கள் குறைவு.

இந்தச் சட்டம் நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்குள் இக்கட்டுரை போகவில்லை. புதிதாக டெக்சாஸுக்குப் படிக்கவோ வேலை பார்க்கவோ வருகிறவர், அதிலும் ஆயுதம் வைத்துக்கொள்ளும் எண்ணம் உள்ளவர், எந்த வரிசையில் எதைச் சரிபார்க்க வேண்டும் என்பது மட்டுமே இங்கே பேச்சு. வரிசை முக்கியம். பலரும் கடையில் தொடங்குகிறார்கள்; தொடங்க வேண்டிய இடம் கடவுச்சீட்டு.

முதற்படி: உங்கள் விசா

எஃப்-1 மாணவர் விசாவிலோ, எச்-1பி வேலை விசாவிலோ, துணைவருக்கான எச்-4 விசாவிலோ இருப்பவர்களுக்கு டெக்சாஸ் சட்டம் இரண்டாம் பட்சம்தான். குடியேற்றம் சாராத விசாவில் நாட்டுக்குள் வந்தவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது என்று அமெரிக்கக் கூட்டரசின் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. இதற்குச் சில விலக்குகள் உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அவற்றில் ஒன்று. 'இருபது முப்பது டாலருக்கு வேட்டை உரிமம் வாங்கிவிட்டால் போதும்' என்று நண்பர்கள் வட்டத்தில் சொல்லப்படும் அறிவுரை இந்த விலக்கிலிருந்து பிறந்ததுதான். அதை முழுப் பொய் என்று தள்ள முடியாது. ஆனால், அந்த ஒற்றை அட்டையை நம்பிப் பல ஆண்டுப் படிப்பையும் அதற்குப் பின்னான வேலையையும் பணயம் வைப்பதற்குமுன் குடியேற்றச் சட்டமும் ஆயுதச் சட்டமும் ஒருசேர அறிந்த வழக்கறிஞர் ஒருவரைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். மீறலுக்கான அதிகபட்சத் தண்டனை 2022-க்கு முன் பத்தாண்டுச் சிறையாக இருந்தது. அவ்வாண்டுச் சட்டத் திருத்தத்தால் பதினைந்து ஆண்டுகளாக உயர்ந்தது. சிறைக்குப் போகாவிட்டாலும், ஆயுதக் குற்றத்தில் தீர்ப்பு வந்தால் நாடு கடத்தப்படுவதற்கு அதுவே தனிக் காரணமாகும்.

'வைத்திருத்தல்' என்ற சொல்லுக்குச் சட்டம் கொடுக்கும் பொருள், நாம் நினைப்பதைவிட அகலமானது. சொந்தமாக வாங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. கட்டுப்பாட்டில் இருந்தாலே போதும். அறைத்தோழர் அமெரிக்கக் குடிமகன், அவருடைய துப்பாக்கி நீங்களும் துணி வைக்கும் அலமாரியில் பூட்டின்றிக் கிடக்கிறது, அல்லது அவருடைய பெட்டகத்தின் எண் உங்களுக்கும் தெரியும் என்றால், அது உங்கள் தலைவலியாகவும் மாறலாம். ஆகவே வீடு பகிரும்போதே, வாடகையும் மின்கட்டணமும் பேசுகிற அதே மேசையில், 'ஆயுதம் உன் அறையில், உன் பூட்டுக்குள், சாவி உன்னிடம் மட்டும்' என்று பேசி முடித்துவிடுங்கள். வார இறுதியில் சுடுதளத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியால் நாலு குண்டு சுட்டு, படமெடுத்து வீட்டுக் குழுவில் போடும் வழக்கமும் இதே கணக்கில்தான் வருகிறது. மற்றவர்கள் செய்து எதுவும் ஆகவில்லை என்பது சட்டத்தின் பார்வையில் ஒரு பதிலாகாது.

பச்சை அட்டை பெற்ற நிரந்தரவாசிகளுக்கும் குடிமக்களுக்கும் இந்தத் தடை இல்லை. எனவே இனி வருபவற்றில் உரிமம் பெறுவது பற்றிய பகுதி அவர்களுக்கானது. அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்து இப்போது கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளும், முதுநிலை ஆய்வுக்கு வந்து நிரந்தரவாசியானவர்களும் இதில் அடங்குவர். வளாக விதிகளைப் பற்றிய பகுதியை ஆயுதம் தொடாதவர்களும் படிக்கலாம், படிக்கவும் வேண்டும்.

இரண்டாம் படி: 'உரிமமே தேவையில்லை' என்ற பேச்சை மறப்பது

2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் பெரும்பாலான பொது இடங்களில், தகுதியுள்ளவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். இந்தச் செய்தி பரவிய வேகத்தில் அதன் விலக்குகள் பரவவில்லை. கல்வி நிறுவனக் கட்டடத்துக்குள் உரிமமின்றித் துப்பாக்கியோடு நுழைவது இன்றும் மூன்றாம் நிலைப் பெருங்குற்றம்; அதற்கு இரண்டு முதல் பத்து ஆண்டுச் சிறையும், பத்தாயிரம் டாலர் வரை அபராதமும் உண்டு. கடைத்தெருவில் சட்டப்படி நடந்து வந்தவர், சாலையைக் கடந்து நூலகக் கதவைத் தள்ளிய நொடியில் குற்றவாளியாகிறார். பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை மாநில உரிமம் கையில் இருப்பவருக்கு மட்டுமே சட்டம் வழிவிடுகிறது. அதுவும் கைத்துப்பாக்கிக்கு மட்டும்தான். நீளத் துப்பாக்கிக்கு அந்தச் சலுகை கிடையாது.

உரிமம் பெறும் வழி நேரானதுதான். டெக்சாஸ் பொதுப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் விண்ணப்பித்து 40 டாலர் கட்ட வேண்டும். சட்டத்தில் எழுதியிருக்கும் வயது பொதுவாக 21. படைவீரர் போன்ற சிலருக்கு அதில் தளர்வு உண்டு. பிறகு கைரேகை பதிவு. அடுத்தது நான்கு முதல் ஆறு மணி நேர வகுப்பு. எங்கே பலப்பிரயோகம் செல்லும், எங்கே செல்லாது, தகராறை வளர்க்காமல் விலகுவது எப்படி, ஆயுதத்தை எப்படிப் பத்திரப்படுத்துவது என்பவை பாடங்கள். வகுப்பை இணையம் வழியாகவும் படிக்கலாம். சுடுதேர்வுக்கு மட்டும் நேரில் போக வேண்டும். அதில் ஐம்பது குண்டுகள்: மூன்று கெஜத் தொலைவில் இருபது, ஏழு கெஜத்தில் இருபது, பதினைந்து கெஜத்தில் பத்து. 250 மதிப்பெண்ணுக்கு 175 எடுத்தால் தேர்ச்சி. இது கடினமான தேர்வு இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். மனித உருவ அட்டைக்கு மூன்று கெஜம் என்பது ஏறத்தாழ ஓர் அறையின் அகலம்தான். தேர்ச்சி பெற்றதைத் திறமைக்கான சான்றாக எடுத்துக்கொண்டு பயிற்சியை நிறுத்துபவர்கள் உண்டு. நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள்.

நம் ஊரில் மாவட்ட ஆட்சியரிடமோ மாநகரக் காவல் ஆணையரிடமோ ஆயுத உரிமம் கேட்டு நடந்தவர்களுக்கு இந்த எளிமை வியப்பாக இருக்கும். அங்கே உயிருக்கு என்ன ஆபத்து என்று முதலில் நாம் விளக்க வேண்டும். இங்கே தகுதிக் குறைவு இல்லையென்றால் உரிமம் தர மறுக்கத் துறைக்கு இடமில்லை. ஆனால் உரிமம் எளிது என்பதால் விதிகளும் எளிது என்று நினைத்தால் அங்கேதான் சறுக்கல்.

மூன்றாம் படி: உங்கள் வளாகத்தின் சொந்த விதிகள்

மாநிலச் சட்டம் ஒன்றுதான் என்றாலும், அதற்குள் விதி வகுக்கும் அதிகாரம் ஒவ்வொரு பல்கலைக்கழகத் தலைவரிடமும் விடப்பட்டிருக்கிறது. மாணவர், ஆசிரியர், பணியாளர்களைக் கலந்து அவர் விதி வகுக்கலாம். சில இடங்களை விலக்கலாம். ஆனால் உரிமதாரர் வளாகத்துக்குள் வரவே முடியாத அளவுக்கு விதிகளை இறுக்க முடியாது. தனியார் பல்கலைக்கழகங்கள் மொத்தமாக விலகிக்கொள்ளச் சட்டம் அனுமதித்தது. ரைஸ், பேலர், தெற்கு மெதடிஸ்ட், டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் எனப் பெயர்பெற்றவை எல்லாம் விலகிக்கொண்டன. ஹூஸ்டனில் அரசுப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் உரிமதாரர், கருத்தரங்குக்காக ரைஸுக்குப் போகும்போது ஆயுதத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது இதனால்தான்.

அரசுப் பல்கலைக்கழகங்களுக்குள்ளும் வேறுபாடு கணிசமானது. ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் விடுதி அறைகளில் கைத்துப்பாக்கி பொதுவாகக் கூடாது. ஆனால் அதே விடுதியின் உணவுக்கூடம், படிப்பறை போன்ற பொதுப் பகுதிகளில் உரிமதாரர் வைத்திருக்கலாம். பிள்ளையைப் பார்க்க வரும் உரிமம் பெற்ற பெற்றோருக்கும் விலக்கு உண்டு. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் விடுதி அறையிலேயே, பாதுகாப்புப் பெட்டகத்துக்குள் வைத்துக்கொள்ள இடமுண்டு. ஓரிடத்து நண்பர் சொன்னதை வைத்து இன்னோர் இடத்தில் நடக்காதீர்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் விதித் தொகுப்பை ஒவ்வொரு கல்வியாண்டுத் தொடக்கத்திலும் ஒருமுறை படியுங்கள்.

விலக்கப்பட்ட இடங்களில் வழக்கமாக வருபவை இவை: உளவியல் ஆலோசனை மையமும் நோயாளிகளைப் பார்க்கும் பகுதிகளும், குழந்தைகள் காப்பகம், பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி நடக்கும் இடம், ஒழுங்கு நடவடிக்கை விசாரணை அறை, விளையாட்டுப் போட்டி நடக்கும் அரங்கம், ஆபத்தான வேதிப்பொருள் இருக்கும் ஆய்வகம், உலோகம் நெருங்கக் கூடாத எம்ஆர்ஐ போன்ற கருவி இருக்கும் அறை. இவற்றில் சில தேதியைப் பொறுத்து மாறுபவை என்பதுதான் சிக்கல். நேற்றுவரை நீங்கள் உரிமத்தோடு போய்வந்த மாணவர் மையக் கட்டடத்தில் இன்று வாக்குச்சாவடி திறந்திருக்கலாம். முன்கூட்டி வாக்களிக்கும் நாள்கள் உட்பட, வாக்குச்சாவடிக்குள் துப்பாக்கிக்கு இடமில்லை. தேர்தல் அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லும் நம் ஊர் வழக்கத்தோடு ஒப்பிட்டால் இது மென்மையான விதிதான். ஆனால் நினைவூட்ட யாரும் வீட்டுக்கு வர மாட்டார்கள்.

நினைவூட்டுவது பலகை மட்டுமே. டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் 30.06 ஆம் பிரிவுப் பலகை ஒரு அங்குலமாவது உயரமுள்ள பெரிய எழுத்தில், பின்னணிக்கு மாறுபட்ட நிறத்தில், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் இருக்கும். சிவப்பு வட்டத்துக்குள் துப்பாக்கியைக் குறுக்கே அடித்த சிறு படத்தைத் தேடிப் பழகிய கண்ணுக்கு இது ஏதோ வாடகை ஒப்பந்தத்தை ஒட்டிவைத்ததுபோலத் தெரியும், அத்தனை சொற்கள். முழுவதும் படிக்க வேண்டியதில்லை. முதல் வரியில் 30.06 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மறைத்து வைத்த ஆயுதத்துக்கு அங்கே அனுமதி இல்லை, திரும்புங்கள். 30.07 என்றிருந்தால் அது வெளித்தெரிய எடுத்துச் செல்வதைப் பற்றியது. வளாகத்தில் அதற்கு எங்குமே இடமில்லை. வளாகத்துக்கு வெளியே மது விற்பனையே முதன்மை வருமானமான கடைகளில் பெரிய சிவப்பு எழுத்தில் '51%' என்று ஒட்டியிருப்பார்கள். அங்கும் நுழையக் கூடாது. போதையில் இருக்கும்போது பொது இடத்தில் ஆயுதம் சுமப்பதும் குற்றம்.

நான்காம் படி: உடம்பில் எப்படி

டெக்சாஸ் நகர வீதியில் இடுப்புறையில் வெளித்தெரியத் துப்பாக்கி வைத்திருப்பவரைப் பார்க்கலாம். வளாகத்தில் அது குற்றம். கட்டடத்துக்குள் மட்டுமல்ல, வளாகச் சாலை, நடைபாதை, வண்டி நிறுத்துமிடம் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். உறைக்குள் இருந்தாலும், ஒரு பகுதி மட்டுமே தெரிந்தாலும், தெரிந்தே பிறர் கண்ணில் படவிட்டால் ஓராண்டு வரை சிறை, நாலாயிரம் டாலர் வரை அபராதம், உரிமமும் போகக்கூடும்.

'தெரிந்தே' என்ற சொல் உங்களைக் காப்பாற்றும் என்று நம்பி இருக்க வேண்டாம். கண்ணாடிமுன் நிமிர்ந்து நின்று பார்த்தால் எந்தச் சட்டையும் போதுமானதாகத்தான் தெரியும். வகுப்பறையில் யாரும் நிமிர்ந்து நின்றுகொண்டே இருப்பதில்லை. மடிக்கணினியின் மின்கம்பியைச் செருக மேசைக்கடியில் குனிகிறீர்கள். முதுகுப்புறச் சட்டை ஒரு சாண் மேலேறுகிறது. வெள்ளைப் பலகையின் மேல்மூலையில் எழுதக் கை தூக்குகிறீர்கள். பக்கவாட்டில் உறையின் விளிம்பு எட்டிப்பார்க்கிறது. பேருந்தில் மேல்கம்பியைப் பிடிக்கிறீர்கள், அதே கதை. வெளியே கிளம்புமுன் குனிந்து, உட்கார்ந்து, கை தூக்கி, செருப்பு வாரைக் கட்டுவதுபோல் மடங்கி, இவ்வளவையும் கண்ணாடிமுன் செய்து பாருங்கள். ஆஸ்டின் போன்ற இடங்களில் ஆகஸ்டு மாத வெயிலுக்கு மேலங்கி போட முடியாது. ஒற்றைப் பருத்திச் சட்டைக்குள் மறையும் அளவிலான ஆயுதமும், அதற்கேற்ற உறையும் தேர்ந்தெடுப்பது அதனால்தான் கடைக்காரரின் சிபாரிசைவிட உங்கள் துணி அலமாரியைப் பொறுத்தது.

உறை பற்றி ஆஸ்டினின் விதி குறிப்பாகவே பேசுகிறது: விசையையும் விசைக்காப்பு வளையத்தையும் முழுவதும் மூட வேண்டும், ஆயுதம் தானாக நழுவாத அளவுக்கு இறுக்கம் இருக்க வேண்டும். துப்பாக்கியின் குண்டு அறையில் சுடத் தயாராகத் தோட்டா இருக்கக் கூடாது என்றொரு விதியையும் அங்கே முதலில் முன்வைத்தார்கள். 2016 ஜூலையில் ஆட்சிக்குழு அதை நீக்கிவிட்டது. எனவே எஞ்சியிருக்கும் ஒரே பௌதிகப் பாதுகாப்பு அந்த உறைதான். சட்டம் அமலான மறுமாதமே டார்ல்டன் மாநிலப் பல்கலைக்கழக விடுதியில் ஒரு மாணவரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. கைபட்டு வெடிப்பவற்றில் பெரும்பாலானவை எடுக்கும்போதும், வைக்கும்போதும், தோழருக்குக் காட்டும்போதும்தான் நேர்கின்றன. காலையில் உறையோடு சேர்த்து மாட்டி, இரவில் உறையோடு சேர்த்துக் கழற்றுங்கள். நடுவில் அதைத் தொட வேண்டிய வேலை எதுவும் வளாகத்தில் இல்லை.

பையில் வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஆயுதம் உடம்பிலோ, உட்கார்ந்த நிலையை மாற்றாமல் கைக்கெட்டும் தூரத்திலோ இருக்க வேண்டும் என்பதுதான் அளவுகோல். நூலக மேசையில் பையை வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் 'கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லித் தேநீர் வாங்கப் போகும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. பையில் துப்பாக்கி இருந்தால் அந்தப் பழக்கம் உங்களை மட்டுமல்ல, பார்த்துக்கொள்ளச் சம்மதித்தவரையும் சிக்கலில் மாட்டும். அவர் எஃப்-1 விசாவில் இருந்தால் சொல்லவே வேண்டாம். என்னைக் கேட்டால் பையே வேண்டாம் என்பேன்.

பாட உதவியாளர்களும் அலுவலக அறையும்

நம்மவர்களில் பலர் பாட உதவியாளர்களாக இருப்பதால் இதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் வகுப்பில் துப்பாக்கி கூடாது என்று பாடத்திட்டத் தாளில் எழுத உங்களுக்கு அதிகாரம் இல்லை; பேராசிரியருக்கும் இல்லை. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஸ்டீவன் வைன்பர்க் தன் வகுப்பில் அனுமதிக்கப் போவதில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தார். ஆஸ்டின் பேராசிரியர்கள் மூவர் தொடுத்த வழக்கை 2018-இல் கூட்டரசின் மேல்முறையீட்டு நீதிமன்றம், பேச்சுரிமை வாதத்துக்கு வழக்கிட முகாந்திரம் இல்லை, மற்ற வாதங்கள் நிற்காது என்று தள்ளியது. விதி மாறவில்லை.

அலுவலக அறை வேறு கணக்கு. ஆஸ்டின் விதிப்படி, ஒருவருக்கு மட்டுமே ஒதுக்கப்பட்ட, பொதுமக்கள் வந்துபோகாத அறையில் ஆயுதம் வேண்டாம் என்று அந்த அறைக்காரர் தடுக்கலாம். ஆனால் அதை வாயால் சொல்ல வேண்டும். கதவில் ஒட்டிய தாளுக்கு மதிப்பில்லை. உரிமம் பெற்ற மாணவர் பார்க்க வர வேண்டியிருந்தால், இருவருக்கும் வசதியான வேறோர் இடத்தில் சந்திக்க ஏற்பாடு செய்வதும் அவர் பொறுப்பு. நான்கு உதவியாளர்கள் பகிரும் அறைக்கு இந்தச் சலுகை கிடையாது. மாணவரிடம் 'உரிமம் வைத்திருக்கிறாயா?' என்று கேட்டு அறியும் உரிமையும் உங்களுக்கு இல்லை. உரிம விவரம் சட்டப்படி இரகசியம். ஆயுதம் கண்ணில் பட்டுவிட்டால் அவரோடு வாதிடாமல், அறையை விட்டு நகர்ந்து, 911-ஐயோ வளாகக் காவல் துறையையோ அழையுங்கள். பட்டது துப்பாக்கிதானா என்று உறுதிசெய்வது அவர்கள் வேலை.

கடைசிப் படி: வண்டியும் காவலரும்

தடைசெய்த கட்டடத்துக்குப் போக வேண்டிய நாளில் ஆயுதத்தை வீட்டிலேயே விடுவதுதான் முதல் தேர்வு. முடியாதபோது, உரிமம் பெற்ற மாணவர் தன் வண்டியில் பூட்டி வைப்பதைப் பல்கலைக்கழகம் தடுக்கக் கூடாது என்று 2013-இலேயே சட்டம் வந்துவிட்டது. வண்டிக்குள் இரும்புப் பெட்டி ஒன்றை இருக்கைச் சட்டத்தோடு கம்பியால் பிணைத்து வையுங்கள். நிறுத்துமிடத்துக்கு வந்த பிறகு நாலு பேர் பார்க்க எடுத்து மாற்றாமல், கிளம்பும் இடத்திலேயே பெட்டிக்குள் வைத்துவிட்டு வாருங்கள்.

போக்குவரத்துக் காவலர் நிறுத்தினால் வண்டியை ஓரங்கட்டி, உள்விளக்கைப் போட்டு, கண்ணாடியை இறக்கி, இரண்டு கையையும் ஸ்டியரிங்கின் மேல் வையுங்கள். ஆயுதம் உங்களிடம் இருக்கும்போது அவர் அடையாளம் கேட்டால், ஓட்டுநர் உரிமத்தோடு துப்பாக்கி உரிமத்தையும் சேர்த்துக் காட்டச் சட்டம் சொல்கிறது. பணப்பை எங்கே இருக்கிறது, ஆயுதம் எங்கே இருக்கிறது என்று முதலில் வாயால் சொல்லுங்கள். அவர் சரி என்ற பிறகு கையை அசையுங்கள். இரண்டு அட்டைகளையும் ஆயுதம் இல்லாத பக்கத்துப் பையில் வைத்திருந்தால் அந்த அசைவும் சிறியதாக இருக்கும்.